பாய்காட் துரையும் தலைக்கட்டு வரியும்

‘பாய்காட்’ என்ற சொல்லுக்குள் நிஜமாகவே ஓர் ஆள் இருக்கிறார் என்று சொன்னால், செய்தி மேசைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் நான் கதை அளப்பதாகத்தான் நினைப்பார்கள். உடனே செல்போனை எடுத்துத் தேடுவார்கள். “ஆமா சார், ஆள் பேருதான்” என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஓய்வு பெறும்வரை ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவன் நான். இந்தச் சொல்லுக்கு நாம் வைத்திருக்கும் ‘புறக்கணிப்பு’ இல்லாமல் ஒரு வாரம்கூட மாவட்டப் பக்கம் நிரம்பியதில்லை. அந்த ஆளின் கதையைத் தெரிந்துகொண்டால், இந்தச் சொல்லை எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது என்பது பிடிபட்டுவிடும் என்பது என் கட்சி.

முழுப் பெயர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்துவிட்டு அயர்லாந்துக்குப் போய், மேற்குக் கடலோரத்து அக்கில் தீவில் விவசாயம் பார்த்தார். 1873இல் மேயோ மாவட்டத்தில், லாக் மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு வீட்டையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டு, ஏர்ன் பிரபு என்ற பெருநிலக்கிழாருக்குக் காரியஸ்தர் ஆனார். நம்மூர் ஜமீன்களில் இருந்த அதே வேலைதான். குத்தகை வசூலிக்க வேண்டும், பாக்கி வைத்தவனை நெருக்க வேண்டும், பிரபு வேறு ஊரில் நிம்மதியாக இருக்க வேண்டும். மனிதரைக் கொடுங்கோலர் என்று சொல்வதற்கில்லை, சின்னப் புத்திக்காரர். கேட்டைச் சாத்தாமல் போனால் அபராதம், கோழி தோட்டத்துக்குள் புகுந்தால் அபராதம் என்று குத்தகைதாரர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். ஒருவரை ஊரே வெறுப்பதற்குப் பெரிய பாவங்களைவிட இந்த மாதிரி கோழி அபராதங்கள்தான் அதிகம் உதவுகின்றன.

1879இல் அங்கே விளைச்சல் மோசம். முப்பது வருடங்களுக்கு முன்பு உருளைக்கிழங்கு அழுகி, லட்சக்கணக்கானோர் பட்டினியிலும் நோயிலும் மாண்ட நாடு அது. அந்தப் பயம் வீட்டுக்கு வீடு உயிரோடு இருந்தது. மேயோக்காரரான மைக்கேல் டேவிட்டும் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெலும் சேர்ந்து அந்த வருடமே குத்தகைதாரர்களுக்காக நிலச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். 1880இல் ஏர்ன் பிரபு குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். குத்தகைதாரர்கள் 25 கேட்டார்கள். பிரபு மறுத்துவிட்டார். பாய்காட் கோர்ட்டுக்குப் போய், 11 குடும்பங்களை வெளியேற்ற நோட்டீஸ் வாங்கினார்.

செப்டம்பர் 22ஆம் தேதி கோர்ட் அமீனா போலீஸ் துணையோடு கிளம்பினார். மூன்று வீடுகளில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. அடுத்த வீட்டில் ஃபிட்ஸ்மாரிஸ் என்ற பெண்மணி வாங்க மறுத்ததோடு, சிவப்புக் கொடியை ஆட்டி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார். ஓடி வந்த பெண்கள் கல், சேறு, சாணி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் எறிந்தார்கள். அமீனாவும் போலீசும் பாய்காட் வீட்டுக்குள் போய்த் தஞ்சம் புகுந்தார்கள். மறுநாள் கூட்டம் அந்த வீட்டு வாசலுக்கே வந்து, உள்ளே வேலை செய்பவர்களை வெளியே வரச் சொன்னது. அன்றே வீடும் லாயமும் வயலும் காலி.

பிறகு ஒவ்வொன்றாக நின்றது. கொல்லர் லாடம் அடிக்க மாட்டேன் என்றார். சலவைக்காரி துணி எடுக்க வரவில்லை. பக்கத்து பாலின்ரோப் ஊர்க் கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. தபால் கொண்டுவந்த பையனை மிரட்டி நிறுத்தினார்கள். மாட்டையும் குதிரையையும் குடும்பத்தாரே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. விளைந்த தானியமும் கிழங்கும் எடுக்க ஆளில்லாமல் வயலில் கிடந்தன. பாய்காட் தன் நிலைமையை விவரித்து லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்டோபர் நடுவில் அது வெளியானது. மேயோவின் ஒரு மூலையில் நடந்த குத்தகைத் தகராறு சாம்ராஜ்யம் முழுக்கப் பேசப்படும் செய்தி ஆனது.

சொல் பிறந்த இடம் ஒரு சாப்பாட்டு மேசை. பக்கத்து நீல் கிராமத்துப் பங்குத்தந்தை ஜான் ஓமாலி, ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். நிலக்கிழாரையோ காரியஸ்தரையோ ஊரே ஒதுக்கிவைப்பதை எழுத ரெட்பாத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. கையில் இருந்தது ‘ஆஸ்ட்ரசிசம்’. ஏதென்ஸ் நகரத்தார் ஓட்டாஞ்சில்லில் பெயர் எழுதிப் போட்டு ஆளை நாடு கடத்திய வழக்கத்திலிருந்து வந்த கிரேக்கச் சொல் அது. குடியானவர்களுக்கு அது விளங்காதே என்று இவர் யோசிக்க, பாதிரியார் கொஞ்சம் யோசித்து, பேசாமல் ‘பாய்காட் பண்ணுவது’ என்றே சொல்லிவிடலாமே என்றாராம். ரெட்பாத்தே எழுதிவைத்த கதை இது. அந்த வருடம் முடிவதற்குள் ஆங்கிலப் பத்திரிகைகளில் அது ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ரஷ்யரும் மொழிபெயர்க்கக்கூட மெனக்கெடாமல் அந்த மனிதரின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் வழக்கமாக விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். லாக் மாஸ்க் சம்பவத்துக்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 19 அன்று, கிளேர் மாவட்டத்து எனிஸ் ஊரில் பார்னெல் ஒரு கூட்டத்தில் பேசினார். ஒரு குத்தகைதாரனை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவன் போட்டிபோட்டு எடுத்துக்கொண்டால் அவனை என்ன செய்வது என்று கேட்டார். சுட்டுத்தள்ள வேண்டும் என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. பார்னெல் அதைவிடக் கருணையான வழி இருக்கிறது என்றார். சாலையில், கடையில், சந்தையில், கோயிலில்கூட அவனை அண்டவிடாமல், குஷ்டரோகியை விலக்குவது போல விலக்கிவையுங்கள் என்றார். சுடுவது வெறும் பேச்சும் அல்ல. ஒரு வாரத்துக்குள்ளேயே பக்கத்துக் கால்வே மாவட்டத்தில் மவுன்ட்மாரிஸ் பிரபு சுட்டுக் கொல்லப்பட்டார். ஆக, துப்பாக்கிக்கு மாற்றாக வந்த ஆயுதம் இது. ஆனால் பார்னெல் முதலில் அதைத் திருப்பியது பிரபுவின் பக்கமோ காரியஸ்தரின் பக்கமோ அல்ல. பக்கத்து வீட்டுக்காரன் பக்கம். தங்களைப் போன்ற இன்னொரு ஏழைக் குத்தகைதாரன் பக்கம். இந்த ஆயுதத்துக்குப் பிறக்கும்போதே இரண்டு முனை.

பாய்காட்டுக்குத் திரும்புவோம். அவருடைய அறுவடையைக் காப்பாற்ற அல்ஸ்டரிலிருந்து ஆள் வந்தது. கேவன், மோனகன் மாவட்டங்களைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் ஆரஞ்சு சங்கத்தார் 50 பேர். இவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் துருப்புகளும் போலீசும். நவம்பர் மழையில் கிளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, வண்டி தர யாரும் முன்வராததால் பாலின்ரோப் வரை நடந்தே போனார்கள். இரண்டு வாரம் பாய்காட் வீட்டுத் தோட்டத்தில் கூடாரம் அடித்துத் தங்கி உருளைக்கிழங்கும் டர்னிப்பும் தோண்டினார்கள், கதிர் அடித்தார்கள். சுமார் 500 பவுன் பெறுமான மகசூலை எடுக்க அரசுக்கும் மற்றவர்களுக்கும் ஆன செலவு 10,000 பவுன் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். ஒரு டர்னிப்புக்கு ஒரு ஷில்லிங் என்று பார்னெல் கேலி பேசினார். வேலை முடிந்து பாய்காட் குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது வண்டியோட்ட உள்ளூர்க்காரர் யாரும் வரவில்லை. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில்தான் போனார்கள். டப்ளினில் தங்கிய ஓட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள்.

அத்தோடு மனிதர் ஒழிந்துபோகவில்லை. அடுத்த வருடம் அமெரிக்காவுக்கு நண்பரைப் பார்க்கப் போனார். ‘சார்லஸ் கன்னிங்ஹாம்’ என்று பேரைச் சுருக்கிக்கொண்டு போனார். பிறகு சஃபோக்கில் இன்னொரு எஸ்டேட்டில் காரியஸ்தர் வேலை கிடைத்தது. 1897இல் அங்கேயே இறந்தார். இடையில் விடுமுறைக்கு அயர்லாந்துக்கே போய்வந்துகொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. அந்தக் குத்தகைதாரர்களுக்கும் பலன் இல்லாமல் போகவில்லை. 1881இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த நிலச் சட்டம் நியாயமான குத்தகை, வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை ஒப்புக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வேலையை விட்டுப் போன வேலைக்காரர் கூலியை இழந்தார். கொல்லர் ஒரு நல்ல வாடிக்கையை இழந்தார். நோட்டீஸ் வாங்க மறுத்த ஃபிட்ஸ்மாரிஸ் வீட்டையே இழக்கத் துணிந்தார். புறக்கணித்தவர் கையில் நஷ்டம் இருந்தது. புறக்கணிக்கப்பட்டவர் கையில் பிரபு இருந்தார், பட்டாளம் இருந்தது, டைம்ஸ் இருந்தது, கடைசியில் இங்கிலாந்துக்கு ஒரு கப்பலும் இருந்தது. மேயோவில் மிரட்டலே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தபால்காரப் பையன் ஆசைப்பட்டு நிற்கவில்லை. ஆனாலும் பெரியவனுக்கு எதிராகச் சிறியவன் தன் கைமுதலைப் பணயம் வைத்து ஒதுங்கிக்கொண்டான். பாய்காட் என்ற பெயரின் கௌரவம் அங்கிருந்து வருகிறது. இப்போது நம் செய்தித்தாளுக்கு வாருங்கள்.

மாவட்ட நிருபர்கள் அனுப்புகிற புறக்கணிப்புகளில் எனக்குப் பிடித்தது தேர்தல் புறக்கணிப்பு. சாலை போடாத ஊர், சுடுகாட்டுப் பாதை இல்லாத ஊர், பட்டா தராத ஊர். வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருக்கும்போது வீடுகளில் கறுப்புக் கொடி ஏறும், ஊர் எல்லையில் பேனர் கட்டுவார்கள். தாசில்தார் ஜீப் வரும், பேச்சுவார்த்தை நடக்கும், உறுதிமொழி கிடைக்கும். சில ஊர்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மனசு மாறி ஓட்டுப் போடப் போவார்கள். நகரத்து வாசகர்கள் இதைக் கேலி செய்வது உண்டு. எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. அந்த ஊர்க்காரரிடம் பேரம் பேச இருக்கும் ஒரே பொருள் அந்த ஓட்டு. அதைத்தான் தராசில் வைக்கிறார்.

1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் செய்ததும் அந்த ரகம். பிரிட்டிஷார் இலங்கைக்குக் கொடுத்த டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயாட்சி தரவில்லை என்று சொல்லி, முதல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். வடக்கின் நாலு ஆசனங்கள் 1934 வரை காலியாகவே கிடந்தன. அது புத்திசாலித்தனமா என்று அங்கே இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் விலை கொடுத்தவர்கள் பகிஷ்கரித்தவர்களே.

சட்டமன்றப் புறக்கணிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சமூக ஊடகத்தில் படத்தைப் புறக்கணிக்கச் சொல்கிறவர் பெரும்பாலும் அந்தப் படத்துக்கு டிக்கெட் எடுக்கிற உத்தேசமே இல்லாதவர். நீதிமன்றப் புறக்கணிப்பு வேறு. வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்யவோ, புறக்கணிப்புக்கு அழைப்பு விடுக்கவோ உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஹரிஷ் உப்பல் வழக்கில் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும் நம் மாவட்டக் கோர்ட்டுகளில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், நஷ்டம் யாருக்கு? முதல் பஸ்ஸைப் பிடித்து, கட்டுச்சோறும் கட்டுக்காகிதமுமாக வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இன்னொரு வாய்தாவோடு திரும்பிப் போகிற கட்சிக்காரருக்கு. ஜீவனாம்ச வழக்குக்கு வந்த பெண்ணுக்கு. அவர்கள் பாய்காட்டும் அல்ல, ஏர்ன் பிரபுவும் அல்ல. நடுவில் அகப்பட்டவர்கள்.

ஆனாலும் இவை எல்லாவற்றையும் நான் மன்னிப்பேன். மன்னிக்க முடியாதது ‘ஊர் மக்கள் புறக்கணிப்பு’ என்ற தலைப்பு.

தென்மாவட்டத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். கோயில் வரவு செலவுக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டதற்காக ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். நிருபரோடு நானும் போயிருந்தேன். வீட்டுக்காரர் பேச்சை எடுத்ததுமே சொன்னது, “என்கிட்ட தலைக்கட்டு வரி வாங்க மாட்டேங்கிறாங்க சார்” என்பது. நிருபர் பட்டணத்துப் பையன். வரி வாங்காவிட்டால் லாபம்தானே என்பது போலப் பார்த்தான். கிராமத்துக்காரர்களுக்குத் தெரியும். கொடைக்கோ பொங்கலுக்கோ தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அவன் அந்த ஊர்க்காரன். வரியை வாங்க மறுப்பது என்றால் நீ இந்த ஊரே இல்லை என்று சொல்வது. அவர் பணத்தை நாட்டாமைக்கு மணியார்டர் பண்ணியிருக்கிறார். அதுவும் ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்ற குறிப்போடு திரும்பி வந்திருந்தது. அந்தத் தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார்.

மற்றதெல்லாம் நாம் கேள்விப்பட்டதுதான். அன்னந்தண்ணி புழங்கக் கூடாது. நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. பேசினால் பேசியவருக்கு அபராதம். அவர்கள் வீட்டுப் பாலைச் சொசைட்டியில் அளக்கவில்லை. அந்த அம்மா கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது பாடை தூக்க வெளியூர்ச் சொந்தக்காரர்கள்தான் வந்திருக்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே தெருவில் போன ஒரு கிழவி சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போனார். “எங்க சொந்தச் சித்தி” என்றார் வீட்டுக்காரர்.

நிருபர் எழுதிய செய்தியில் தலைப்பு: ‘குடும்பத்தைப் புறக்கணித்த கிராம மக்கள்’. செய்தி ஆசிரியருக்கும் அதுவே போதும் என்று தோன்றியது; ஒற்றைப் பத்தி அகலத்துக்குள் அடங்குகிறது. ஊரில் அந்தக் காரியத்துக்குப் பல பேர் இருக்கிறது. தள்ளிவைப்பு, ஒதுக்கிவைப்பு, ஊர் விலக்கு, ஊர்க்கட்டுப்பாடு என்பார்கள். ‘புறக்கணிப்பு’ என்று அச்சிடும்போது என்ன ஆகிறது என்றால், ஓட்டுப் போட மறுத்த ஏழை ஊருக்கும், சித்தியைப் பேசவிடாமல் தடுத்த நாட்டாமைக்கும் ஒரே மரியாதை கிடைத்துவிடுகிறது. ‘கிராம மக்கள்’ என்று போட்டதும் அந்த முடிவை எடுத்த நாலு பேரின் பெயர் மறைந்துவிடுகிறது. அந்தக் கிழவியும் கிராம மக்களில் சேர்த்தி. அவர் யாரையும் புறக்கணிக்கவில்லை, அபராதத்துக்குப் பயந்தார்.

யாரோடு பேசுவது, யாருக்குப் பெண் கொடுப்பது என்பதெல்லாம் அவரவர் விருப்பம், அதில் சட்டம் எப்படி நுழையும் என்று கேட்பார்கள். படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். விருப்பம் என்றால் அபராதம் எதற்கு? அபராதம் போட்டுத் திணிக்கிற மௌனத்துக்கு உத்தரவு என்று பெயர்.

இந்த வித்தியாசத்தை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில், தாழ்த்தப்பட்டோரின் பாதுகாப்புக்கென ஒரு திட்டத்தைச் சமர்ப்பித்தார்கள். அதில் கையெழுத்திட்டவர்கள் இருவர். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் நம் செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்த ராவ் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ‘பறையன்’ என்று தன் பத்திரிகைக்குத் துணிந்து பெயர் வைத்தவர். கிணற்றில் தண்ணீர் எடுத்தாலோ, நல்ல சட்டை போட்டாலோ, கூலி உயர்த்திக் கேட்டாலோ சேரியின் மேல் ஊர் விழுவது அடியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்று இருவருக்கும் தெரியும். வேலை கொடுக்காதே, கடையில் சாமான் கொடுக்காதே, பாதையை அடை என்றால் போதும். அதனால் பாய்காட் செய்வதைக் குற்றமாக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் கேட்டார்கள். வீடு, நிலம் கொடுக்க மறுப்பது, கூலிக்கு வைக்க மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது, வழக்கமான சமூக உறவை நிறுத்துவது என்று பாய்காட்டுக்கு வரையறையும் கொடுத்தார்கள்.

அந்த வரையறை எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 1922ஆம் வருடத்து பர்மா பாய்காட் தடுப்புச் சட்டத்திலிருந்து எடுத்திருந்தார்கள். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே தேசியவாதிகள் அரசுக்கு ஒத்துழைத்தவர்களை ஒதுக்கிவைத்ததை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. அயர்லாந்துக் குத்தகைதாரன் பிரபுவுக்கு எதிராக எடுத்த ஆயுதம். அதை முறிக்கப் பேரரசு செய்த சட்டம். அந்தச் சட்டத்தை எடுத்துத் தங்கள் மக்களுக்குக் கேடயமாக்கிய அம்பேத்கரும் சீனிவாசனும். சுதந்திரத்துக்குப் பிறகு 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்திலும் பாய்காட்டுக்கு அதே சாயலில் ஒரு விளக்கம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனிக் குற்றமாகவே வைத்தது.

காந்திக்கும் இந்த உறுத்தல் இருந்தது. ஒத்துழையாமை இயக்கம் சூடாக இருந்தபோதே, கருத்து வேறுபாட்டுக்காக ஒருவருக்குத் தண்ணீரையும் உணவையும் நிறுத்துவது அகிம்சைக்கு விரோதம் என்று எழுதினார்.

நம் தூத்துக்குடிக் கதை ஒன்றும் சொல்லியாக வேண்டும். 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்து, வ.உ.சி.யின் பேச்சால் ஊரே கொதித்துக்கொண்டிருந்த நாட்கள். முகச்சவரம் செய்துகொண்டிருந்த ஒரு வக்கீல் சுதேசிக்காரர்களுக்கு எதிராக ஏதோ பேச, நாவிதர் பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டதாகச் சொல்வார்கள். சிரிக்கிறோம். சரிதான், அந்த நாவிதர் தன் கூலியை விட்டார். ஒரு நாளும் ‘மாட்டேன்’ என்று சொல்ல அனுமதிக்கப்படாத தொழிலில் இருந்துகொண்டு ‘மாட்டேன்’ என்றார். ஆனால் அதே கத்தியை அதே நாவிதர், நாட்டாமை சொன்னதற்காகத் தள்ளிவைக்கப்பட்ட வீட்டுக்கு எடுத்துப் போகாமல் இருந்தால்? அப்போது அவருடைய கூலியும் போகிறது, அந்த வீட்டுக்காரரின் மானமும் போகிறது, நாட்டாமைக்கு மட்டும் ஒரு நஷ்டமும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சவரம் செய்யாமல் போனதுதான்.

சட்டத்தில் இன்னமும் ஓர் ஓட்டை இருக்கிறது. நான் பார்த்த குடும்பமும் அவர்களைத் தள்ளிவைத்தவர்களும் ஒரே சாதி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அங்கே பொருந்தாது. போலீசுக்குப் போனால், ‘ஊரோடு ஒத்துப் போங்கய்யா’ என்று சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். மகாராஷ்டிரம் இதற்கென்றே 2016இல் ஒரு தனிச் சட்டம் நிறைவேற்றியது; சாதிப் பஞ்சாயத்தோ, எந்தக் குழுவோ, தன் சொந்த ஆளை ஒதுக்கிவைத்தாலும் குற்றம். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். திருவிழா வரியை வாங்க மறுப்பதும், வாங்கவிடாமல் செய்வதும் அதில் பேர் சொல்லி இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால் ‘நாங்கள் எதுவும் செய்யவில்லையே, வரிகூடக் கேட்கவில்லையே’ என்று சொல்லித் தப்பிவிடுவார்கள்.

சட்டம் வரும்போது வரட்டும். செய்தி மேசையில் இருக்கும் பிள்ளைகள் நாளைக்கே ஒன்று செய்யலாம். ‘ஊர் மக்கள் புறக்கணிப்பு’ என்று ஒரு செய்தி வந்தால், நிருபருக்கு ஒரு போன் போடுங்கள். கூட்டம் எந்த இடத்தில் நடந்தது, முடிவைச் சொன்னவர் யார், பேசினால் எவ்வளவு அபராதம், வரி வாங்கினார்களா, புகார் கொடுத்திருக்கிறார்களா, எந்தப் பிரிவில் வழக்கு என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு தலைப்பு வையுங்கள். இரண்டு பத்தி அகலம் தேவைப்பட்டால் விளம்பரப் பிரிவோடு சண்டை போட்டு வாங்குங்கள்.